ஐந்து முடிச்சு

வானத்தில் எண்ணூறு கிலோமீட்டர் போகிறோம்,
ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை.
தரையில்தான் வம்பு.

இவலோ. டிசம்பர். பகல் பன்னிரண்டரை.
சூரியன் இந்த மாதம் வரமாட்டான்.
தெற்கே மட்டும் கொஞ்சம் நீலம் கசிகிறது,
மை கொட்டிய துணியை அலசிய தண்ணீர்போல.
பனி பெய்கிறதா என்றால் பெய்கிறது.
இல்லை என்று சாதித்தாலும் நம்பிவிடலாம்,
அவ்வளவு பொடி.

இறக்கைகளில் பச்சைக் கூழ் பூசியாயிற்று.
அதற்கு ஆயுள் இருபத்தெட்டு நிமிடம்.
அதற்குள் மேலே ஏறவேண்டும்,
தவறினால் மறுபடி குளியல்.
என் மணிக்கட்டில் நொடிகள் ஓடுகின்றன.
கேப்டன் பெல்ட்டரியின் இடது கையோ
திருப்பும் பிடியின்மேல்
தூங்கும் நாயின் தலையில் வைத்ததுபோல் கிடக்கிறது.

விடிய விடிய பனி வாரிய நீலாஸ்
வானொலியில் சொன்னான்:
"நடுவே பரவாயில்லை.
தூரத்து முனையில், திரும்புகிற இடத்தில்,
என் காப்பி மடியில் கொட்டிவிட்டது."
அறிக்கையில் அதற்கொரு எண் உண்டு, இரண்டு என்று.
எனக்குக் காப்பிதான் புரிந்தது.

வேகத்தை முடிச்சுகளில் எண்ணுகிறோம்.
கப்பலிலிருந்து கயிறு விட்டவர்கள்
கொடுத்துவிட்டுப் போன கணக்கு.
நேர்ப்பாதையில் பத்து முடிச்சு.
வளைவில் ஐந்து.
காலையில் மெதுவோட்டம் ஓடுகிறவன்
முந்திப் போனால் போகட்டும்.

ஆனால் விமானம் சும்மா இராது.
எஞ்சின் வாய் உறையாமல் இருக்கச் சூடு வேண்டும்,
சூட்டுக்காக உந்துதல் சற்றுக் கூடும்,
கூடியதும்
கயிறறுத்த கன்றுபோல் தானே நடக்கத் தொடங்கும்.
வெள்ளைப் பரப்பில் கண்ணும் பொய் பேசும்:
இருபதில் போனாலும் நிற்பதாகவே தோன்றும்.
ஆகவே நான் திரையைப் பார்த்து வாசிக்கிறேன்,
"ஒன்பது. பதினொன்று."
அவள் பிரேக்கை ஒரு முறை மிதித்து, விடுகிறாள்.
"எட்டு."

பதினாறு நிமிடம் போய்விட்டது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"கடிகாரத்தை என்னிடம் காட்டாதே" என்றாள்.
நான் காட்டவில்லை,
கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.

முனை வந்தது. ஆறு.
மூக்குச் சக்கரம் இடப்பக்கம் திரும்பிற்று.
விமானம் திரும்பவில்லை.

நாற்பத்தைந்து டன்,
எண்பத்தொரு பேர்,
யாரோ வாங்கி வந்த கலைமான் தோல்கள்,
எல்லாம் சேர்ந்து
ஓர விளக்கை நோக்கி நேராக,
சத்தமே இல்லாமல், மரியாதையாக வழுக்கின.

அவள் இன்னும் திருப்பவில்லை.
திருப்பியதைத் தளர்த்தினாள்.
ரப்பர் எங்கோ ஒரு மணல் துகளைக் கண்டுபிடிக்கும்வரை
காத்திருந்தாள்.
பிறகு வலது எஞ்சினை ஒரு மூச்சு,
இடது பிரேக்கை ஒரு விரலளவு.
திரும்பினோம்.
விளக்கு என் ஜன்னலுக்குக் கீழே
மெல்ல நகர்ந்து போனது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள்.
ஆளவெல்லாம் வேண்டாம்,
அதன்மேல் நின்றால் போதும்.

அப்புறம் டவர் எங்களை நிறுத்திவைத்தது.
நீலாஸ் இன்னொரு முறை வாரப் போனான்.
இருபத்தைந்து. இருபத்தேழு.
இருபத்தெட்டாவதில்
இப்போதே கிளம்பினால் என்ன என்று
என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்தது.
விழுங்கினேன். பச்சைக் கூழின் மணம் அதில்.

"திரும்புகிறோம்" என்று அவளே பயணிகளுக்குச் சொன்னாள்.
நான்காம் வரிசையில் ஒருவர்,
ஹெல்சின்கிக்கு நடந்தே போயிருக்கலாம் என்றாராம்.
பணிப்பெண் வந்து சொல்லிச் சிரித்தாள்.
மறுகுளியலுக்குப் பின்
அதே முனையில் நான்கு முடிச்சு.
விமானம் சொன்ன பேச்சைக் கேட்டது.

இரவு, ஹெல்சின்கி,
ஊழியர்கள் கார் நிறுத்துமிடம்.
பசி. வீட்டுக்கு இருபது நிமிடம்.
மூன்றே எட்டில் காரை அடைந்துவிடப் பார்த்தேன்.
இரண்டாவது எட்டில் முதுகுக்குக் கீழே தரை இருந்தது,
மேலே நட்சத்திரம்.

சின்னச் சின்ன அடியாக வந்த பெல்ட்டரி
என் பையை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.
கை கொடுக்கும் முன்
குனிந்து கேட்டாள்:
"எத்தனை முடிச்சு?"