இடப்பக்கம் மட்டும்

தன் முதுகு தனக்குத் தெரியாது.
அதனால்தான் எனக்குப் பிழைப்பு நடக்கிறது.
திபிலீசியில், கந்தக வாடை ஏறிய குளியல் கூடத்தில்
பதினேழு வருடமாக முதுகு தேய்க்கிறேன்.
முகம் மறந்துபோகும். முதுகு மறப்பதில்லை.

ஜும்பேர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன்.
செவ்வாய்தோறும் வந்து கல்மேடையில் குப்புறப் படுப்பான்,
காசு போட்டால்தான் நகரும் கிழட்டு லிஃப்டுகளைத் திட்டியபடி.
இடது தோள்பட்டைக்குக் கீழே
விலாவை வளைத்து ஒரு பட்டையாக
மெத்தென்ற முண்டுகள்.
சில கொள்ளு, சில மொச்சை, ஒன்று மட்டும் திராட்சை.
ஊடே பால்காபி சிந்திய மாதிரி ஒரு திட்டு.
முதுகெலும்பு வரை வந்து
வேலியைக் கண்டதுபோல் நின்றுவிடும்.
வலப்பக்கம் வெறும் தோல்.

முரட்டுக் கையுறை அந்த இடத்தை மட்டும்
சுற்றிக்கொண்டு போகும்.
ஒன்பது வருடம். நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
"ஒட்டுமா?" என்று ஒருவன் கேட்டான்,
அவன் காதுபடவே.
அன்றுதான் சொன்னேன்:
டாக்டரிடம் காட்டு. போன வருடம் பதினொன்று, இப்போது பதினாறு.
"எண்ணினாயா?"
கோபமா என்று நீராவியில் தெரியவில்லை.

ஆறு வாரம் வரவில்லை.

வந்தவன் கல்லில் முகம் புதைத்துச் சொன்னான்.
டாக்டர் லாமாரா விரல்நுனியால் ஒன்றை அமுக்கினாளாம்.
அக்குளில் புள்ளி தேடினாளாம்,
கண்ணுக்குள் விளக்கடித்தாளாம்,
அம்மாவுக்கு உண்டா, அப்பாவுக்கு, தம்பிக்கு?
யாருக்கும் இல்லை.
ஒன்றை வெட்டி ஆய்வுக்கு அனுப்பினாள்.
நரம்பின் உறையில் முளைத்தது, புற்று அல்ல.
இரத்தத்தில் பிழை இல்லை.
பிழை அந்தப் பட்டையில் மட்டும்.

"கருவில் நான் ஒரு பிடி செல்லாக இருந்தபோது
ஒரு செல் நகலெடுப்பதில் தவறிவிட்டதாம்.
அதன் வாரிசுகள் எல்லாம்
ஒரே தெருவில் குடியேறிவிட்டார்கள்."

கொஞ்சம் பொறுத்து,
"தேக்லே தூங்கும்போது டார்ச் அடித்து முதுகைப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
மகளுக்கு வர வாய்ப்பு குறைவு என்றாள்.
இல்லை என்று சொல்லவில்லை."

வாளித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"நீயும் அமுக்கிப் பார்."
கையுறையைக் கழற்றினேன்.
திராட்சையை அமுக்கினேன்.
அடியில் தோலில் ஓட்டை இருப்பதுபோல் உள்ளே போனது,
விரலை எடுத்ததும் மெல்ல மேலே வந்தது.
"எத்தனையாவது மாடி?" என்றான் கல்லோடு.

வலிக்கிறதா என்று கேட்டேன்,
ஒன்பது வருடம் கழித்து.
இதுவரை இல்லை என்றான்.
வெறுங்கையில் சோப்பைக் குழைத்து
வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தேன்.
"பதினாறு" என்றேன், வழக்கத்தில்.

"பதினைந்து.
ஒன்றை அந்த அம்மாள் வைத்துக்கொண்டாள்."