வளைந்த கரண்டி

கார்டிஃப் நகரில், மழை விடாத ஒரு செவ்வாய்.
அச்சுக்குப் போகும் அட்டைப்படத்தில்
சமையல் நூலாசிரியை ஃபெலிசிட்டியின் இடுப்பை
இரண்டு அங்குலம் உள்ளே தள்ளுகிறாள் மோர்வென்னா.
‘பன்னிரண்டே வாரம், பட்டினி இல்லை’
என்கிற எழுத்துக்கு இடம் வேண்டுமாம்.

இடை உண்டோ இல்லையோ என்று
ஐயப்பட்ட நம் புலவர்களிடம்
உவமையாவது இருந்தது.
இவளிடம் ஒரு மவுஸ், மாதச் சம்பளம்.

‘முன்பு’ என்ற படம்
பிள்ளை பெற்ற நாலாம் நாள் எடுத்ததென்று
மேக்கப் போட்ட பெண் சொல்லியிருக்கிறாள்.
நூற்றுப் பதினெட்டாம் பக்கத்துச் சீமைச்சுரைக்குக்
கிளிசரின் பூசியதை இவளே பார்த்தாள்.
ஏட்டில் நன்றாகத்தான் காய்த்திருக்கிறது.

மதியம், ஃபெலிசிட்டி பெயரிலேயே வரும் சூப்.
டப்பாவின் முன்பக்கம் தொண்ணூறு கலோரி.
பின்பக்கம், எறும்பு எழுத்தில்:
ஒரு வேளைக்கு மூன்றில் ஒரு பங்கு.
ஒரு டப்பாவை மூன்று வேளை குடிக்கிற மனிதரை
மோர்வென்னா இன்னும் சந்திக்கவில்லை.
வெந்நீருக்கு உப்பின் ஞாபகம் வந்தாற்போல் ஒரு ருசி.
முழுக்கக் குடித்தாள்.
பிறகு, வெண்ணெய் தடவிய ரொட்டி இரண்டு.

ஐந்து மணிக்குத்தான் கவனித்தாள்:
இடுப்பை இழுத்த இழுப்பில்
அருகே பிடித்திருந்த மரக்கரண்டியும்
உள்பக்கம் வளைந்திருந்தது.
நிமிர்த்திவிடலாம், ஒரு நிமிட வேலை.

கோட்டை மாட்டினாள்.
‘முடிந்தது’ என்று எழுதி அனுப்பினாள்.
எண்பதாயிரம் பிரதிகள்.
யாராவது
கரண்டியைப் பார்க்கட்டும்.