மூன்றாவது குழாய்

வால்டிவியாவில் ஜூலை.
ஒன்பது நாளாய் விடாத மழை.
ஆற்றங்கரை மீன் சந்தையில் கடற்சிங்கங்கள் கத்துவது
இரண்டாம் மாடி வரை கேட்கிறது.
எலெயுதேரியோ அதற்குத் தலையாட்டுகிறார்,
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச்
சுருண்டு படுக்கச் சொன்னோம். படுத்தார்.
நியெப்ளாவுக்கும் கொர்ராலுக்கும் நடுவே
நாற்பது வருடம் படகு விட்ட முதுகு.
முள்ளெலும்பை எண்ணி ஊசி இறங்கியது.
சொட்டுச் சொட்டாய் நீர்,
பச்சைத் தண்ணீர் மாதிரி.
இதற்குள்ளா இவ்வளவு மூட்டம் என்று
ஒவ்வொரு முறையும் தோன்றும்.
யாரிடமும் சொன்னதில்லை.

முதல் குழாய் செல்களை எண்ண.
அடுத்தது புரதத்துக்கு.
மூன்றாவதுதான் எங்கள் ஆய்வுக்கு:
மறந்துபோனவர் தலைக்குள்
பழைய வைரஸ் ஏதும்
வாடகையில்லாமல் குடியிருக்கிறதா என்று.

படிவத்தில் பதினான்காம் கேள்வி.
உதட்டில் கொப்புளம் வருவதுண்டா?
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
நோல்ஃபாதான் சொன்னாள்:
"எனக்கு வரும். சின்ன வயதிலிருந்தே.
கல்யாணத்துக்கு முன், படகின் பின்பக்கம்,
புண் ஆறவில்லை, வேண்டாம் என்றேன்.
கேட்டால்தானே.
அதிலிருந்து இவருக்கும்."
குடையைச் சுருட்டினாள். பிரித்தாள். மறுபடி சுருட்டினாள்.
"அப்படியென்றால், நானா?"

இதற்குப் பதில் அச்சடித்தே வைத்திருக்கிறோம்.
ஊரில் பாதிப் பேருக்கு மேல் இருக்கும்,
இருப்பதாலேயே அதுதான் காரணம் என்றாகாது,
உறுதியாக இன்னும் யாருக்கும் தெரியாது.
எல்லாம் சொன்னேன்.
அவள் என் முகக்கவசத்தையே பார்த்தாள்.
அதற்கடியில், மேலுதட்டின் இடது ஓரம்,
திங்கள்கிழமையிலிருந்து எரிகிறது எனக்கு.
வீட்டில் இரண்டு வயது மகன்.
நான்கு நாளாய் அவனுக்கு முத்தம் கிடையாது,
தூங்கியபின்
போர்வை மேல் கை வைப்பதோடு சரி.

ஒரு மணி நேரம் மல்லாந்து கிடக்க வேண்டும்.
எழுந்துவிடாதபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"யார் நீ?" என்றார்.
"பயணி."
"டிக்கெட்?"
அவள் குனிந்தாள்.
பாதியில் நின்று என்னைப் பார்த்தாள்,
அனுமதி கேட்கிறவள்போல.

நான் மூன்றாவது குழாயில் எண் ஒட்டத்
திரும்பிக்கொண்டேன்.
ஒட்டியது கோணல். பிய்த்து இன்னொன்று ஒட்டினேன்.
முடிவு வர ஆறு வாரம்.
பனிக்கட்டிப் பெட்டியை மூடும்போது
முதுகுக்குப் பின்னால்
அவர் குரல், துறைமுகச் சத்தத்தில்:
"ஏறு, ஏறு. நனையாதே."