லேண்ட்மார்க்

பக்கத்துல என்ன இருக்கு, லேண்ட்மார்க் சொல்லுங்க
என்று கேட்டது நூற்றெட்டில் ஒரு பெண்குரல்.
சோணைமுத்து செல்லைக் காதில் வைத்தபடி
ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.
அறுத்த தாள். மாசிப் பனி.
வலைக்குள் முந்நூற்றுப் பத்து உருப்படி.
ஆடு இருக்குதும்மா, என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரிப்பு பாதியில் வலியாகி
இடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து
அடிவயிற்றில் முடிச்சுப் போட்டது.

இன்னும் பன்னிரண்டு நாள் என்று
அட்டையில் எழுதியிருந்தார்கள்.
வெள்ளிக்கிழமை மேலூருக்குப் போய்
தங்கச்சி வீட்டில் இருப்பதாகத்தான் பேச்சு.
அதற்குள் இந்த வயலில் மூன்று ராத்திரிக் கிடை,
கால்வாய்க்குக் கீழே இன்னொருவர் வயலில் நாலு,
முன்பணம் வாங்கியாகிவிட்டது.
பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை.

கொடாப்புக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து
மேலே என் பழைய சேலையை விரித்தாள்
அவன் அக்கா நாச்சாள்.
படுடி என்றாள். மாட்டேன் என்றேன்.
எந்த ஆடும் மல்லாந்து கிடந்து ஈன்று நான் பார்த்ததில்லை.
கொடாப்பின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு
முழங்கால் போட்டேன்.
உள்ளே ஏழு குட்டிகள் விரல்களை நக்கின.
உப்பாக இருந்திருக்கும்.

மூத்தவன் ஆஸ்பத்திரியில் பிறந்தான்.
கத்தாதே என்று தொடையில் ஓர் அடி.
அப்ப மட்டும் இனிச்சுச்சாக்கும், என்றாள் ஒருத்தி.
அவளேதான் பிறகு
அவனைத் துடைத்து என் மார்பில் வைத்தாள், அவ்வளவு பதமாக.
அவளை எந்தக் கணக்கில் வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை எனக்கு.

இங்கே கத்தினேன்.
முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு,
பிறகு கால்வாய்க்கு அந்தப்புறம் கேட்கிற மாதிரி.
நாய் மட்டும் பதில் சொன்னது.

போன வருசம் திருவாதவூர்ப் பக்கம் ஒரு செவலை ஆடு.
குட்டிக்கு முன்னங்கால் மடங்கியிருந்தது.
எண்ணெய் தடவிக் கையை விட்டு நான்தான் திருப்பினேன்.
குட்டி வந்தது.
ஆடு விடியும்வரை இருந்தது.
அதை இந்நேரத்தில் நினைக்காதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
நினைத்தேன்.

நாச்சாக்கா, தலை எப்படி இருக்கு?
பேட்டரி லைட்டை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தவள்
ஏதோ சொன்னாள், புரியவில்லை.
லைட்டை எடுத்துவிட்டுச் சொன்னாள்:
முக்காத. முக்காத. அது பாட்டுக்கு வரட்டும்.
தலைச்சன் ஆட்டுக்கு நான் சொல்கிற சொல்,
என் குரலில் எனக்கு.

என் கையிலேயே வாங்கினேன்.
வழுக்கியது. சுட்டது.
அழவில்லை.
காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்ட வந்த நாச்சாளைத் தள்ளிவிட்டு
முந்தானையால் மூக்கையும் வாயையும் துடைத்து
முதுகை அழுத்தித் தேய்த்தேன், தேய்த்தேன்,
நாக்கால் நக்காததுதான் பாக்கி.

அழுதாள்.

வலைக்குள் நாலைந்து தாயாடுகள் எழுந்து
தன் குட்டியோ என்று கத்தின.
கொடாப்புக் குட்டிகள் பதிலுக்குக் கத்த
முந்நூற்றுப் பத்தும் சேர்ந்துகொண்டது.
சோணைமுத்து என்னை விட்டுவிட்டு
ஆட்டை அமர்த்த ஓடினான்.
கொடி துடித்துக்கொண்டிருந்தது.
அடங்கட்டும் என்று பிள்ளையை மாரில் போட்டுக்கொண்டு
பனியில் உட்கார்ந்திருந்தோம் ரெண்டு பொம்பளைகளும்,
பேசாமல்.

நாலு தடவை தப்பான வண்டிப்பாதையில் போய்
என்ஜினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்களாம்.
சத்தம் கேட்டுத்தான் வந்தோம் என்றார் டிரைவர்.
கூட வந்த பெண் கிளிப் போட்டு அறுத்தாள்,
மணி கேட்டாள். யாரும் பார்க்கவில்லை.
நஞ்சு விழுந்ததும் பையில் போட்டவளிடம்
நாச்சாள் சண்டை போட்டு வாங்கி
வரப்போரம் குழி தோண்டிப் புதைத்தாள்,
நாய் கிளறாமல் கருவேல முள் போட்டு.

காலையில் வயல்காரர் வந்து
ஆட்டை எண்ணிக் கூலி கொடுத்தாராம்.
எருவுக்குத்தானே கூலி, தலைக்கு இவ்வளவென்று.
வரப்போரம் இது என்ன புதுமண் என்றாராம்.
அதுக்குக் காசு வேணாம் என்றாளாம் நாச்சாள்.