மறை எண்பது

ஆய்வுகூடக் கதவில் இன்னும் பழைய பலகைதான்:
விலங்கியல் 3.
உள்ளே, சுவரோரமாய், முனகிக்கொண்டே ஓர் உறைகலன்.
மறை எண்பது பாகை.
அதற்குள் தொண்ணூற்றாறு குப்பிகள்,
என் பதினொரு வருடம்.

விசாவுக்குப் போனபோது கொழும்பில் ஒருவர்
பாடுமீன் ஊரா என்று கேட்டார்.
ஓம் ஐயா, ஆனால் நான் படிக்கிற மீன் பாடாது,
தென்முனைக் கடலில் வாயை மூடிக் கிடக்கும்,
இரத்தத்தில் சிவப்பே இல்லை என்றேன்.
பொய்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்து
முத்திரை குத்தினார்.

கப்பல் தளத்தில் முதல் ஊசி ஏற்றி இழுத்தபோது
அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீராய் வந்தது.
கையுறைக்குள் விரல் நடுங்கியது,
குளிரென்று நினைத்தார்கள்.
தொண்ணூறாம் ஆண்டு வந்தாறுமூலையில்
நான் பார்த்ததெல்லாம் சிவப்பு.
ஆய்வேட்டில் அதற்கு அத்தியாயம் இல்லை.

திரியோனைன், அலனைன், அலனைன்.
திரும்பவும் திரியோனைன், அலனைன், அலனைன்.
இடைக்கிடை தொங்கும் ஒரு துணுக்குச் சீனி.
அந்த மீனுக்குத் தெரிந்த வசனம் அவ்வளவுதான்.
இரத்தத்தில் பனி ஊசியாய்த் தலைகாட்டினால்
போய் ஒட்டிக்கொள்கிறது.
உடைப்பதில்லை, உருக்குவதுமில்லை.
இதற்குமேல் வளராதே என்று நிற்கிறது.

பதவி உயர்வு நேர்முகத்தில்
கண்ணாடியைத் துடைத்தபடி ஒருவர்:
"மட்டக்களப்புக்கு இதால என்ன பிரயோசனம்?"
இறால் பண்ணை என்றேன். ஐஸ்கிரீம் என்றேன்.
இரண்டும் பொய்யில்லை.
இரண்டுக்காகவும் நான் போகவில்லை.

பிறகு அந்தச் சித்திரை.
பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை,
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
மின்கலத்தில் ஓடிய சிவப்பு இலக்கம்
மறை அறுபத்தொன்று,
மறை நாற்பத்தெட்டு.
"கதவத் திறவாதீங்க மிஸ்" என்று
சாமித்தம்பி அதன் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார்.
மறை இருபத்தேழில் நானே திறந்தேன்.

போத்தலில் கடன்வாங்கிய பெற்றோல்,
ஓட்டோவில் டினோஜாவின் மடியில் ரெஜிஃபோம் பெட்டி.
சித்தாண்டி, கிரான், வாழைச்சேனைத் துறைமுகம்.
மண்ணெண்ணெய் இல்லாததால் படகுகள் கரையில்.
கடலுக்குப் போகாத ஐஸ்பாளங்கள்
உமிக்குள் வியர்த்துக் கிடந்தன.

உதுமாலெப்பை காக்கா பெட்டியை எட்டிப் பார்த்தார்.
"ஒங்கட மீன் ஐஸில உறையாதெண்டு பேப்பரில கிடந்திச்சே டீச்சர்,
பொறகு ஐஸ் எதுக்கு?"

எத்தனையோ மாநாட்டில் பேசியிருக்கிறேன்,
இதை யாரும் கேட்டதில்லை.
"உயிரோட இருக்கும்வரைக்கும்தான் காக்கா" என்றேன்.
அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு இரும்புக் கூரை எடுத்தார்.

"உப்பு இருக்கா?"
"கருவாட்டு உப்பு."
ஐஸ் மூன்று சவள், உப்பு ஒரு சவள்.
முதலாம் வருடத்தில் கரும்பலகையில் நான் எழுதுகிற கணக்கு
நொறுங்கி, கிளறுப்பட்டு, கையைச் சுட்டது.
வெப்பமானி இறங்கியது: மறை பத்தொன்பது.
டினோஜா சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

விடியும்வரை மூன்று தரம் மாற்றினோம்.
எண்பத்தேழு தப்பின.
ஒன்பது குப்பிகளில் உப்புநீர் மையைத் தின்றுவிட்டது,
எந்த மீன், எந்த ஆழம், தெரியாது.
ஆனாலும் எறியவில்லை.

கட்டுரையை மதிப்பிட்டவர் எங்கிருந்தோ எழுதியிருந்தார்:
மாதிரி எண்ணிக்கை ஏன் குறைந்தது?
மின்தடை என்று பதில் போட்டேன்.
விளக்கம் போதாதாம்.

ஐஸுக்குக் காக்கா காசு வாங்கவில்லை.
உப்புக்கு மட்டும் நானூறு ரூபாய்.
பற்றுச்சீட்டு கேட்டதற்கு
சிகரெட் மட்டையின் உட்புறத்தில் எழுதித் தந்தார்:
வெள்ள ரத்த மீன், பெட்டி ஒண்டு, உப்பு 400.
கோப்பில் இணைத்து அனுப்பினேன்.

கணக்குப் பிரிவு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது,
அது என்ன மீன் என்று.