நடுவில் ஒரு பதினான்கு

சாந்தியாகோவில் ஜூலை பதின்மூன்று
இரவு பதினொன்றரைக்கு விமானம் ஏறினாள் ஹிமேனா.
ஆக்லாந்தில் இறங்கும்போது பதினைந்து, விடிகாலை.
நடுவில் விழுந்துபோகும் பதினான்கில்தான்
அவளுக்கு நாற்பது பிறக்கிறது.

வேண்டுமென்றே எடுத்த டிக்கெட்.

எதிர்த் திரையில்
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
பதின்மூன்று மணி நேரம்.
பொம்மை விமானம் தெற்கே வளைந்து
பனிக்கண்டத்தை எட்டிப்பார்க்கப் போவதுபோல் போகிறது.
வளைவாய்த் தெரிவதுதான்
உருண்டையில் குறுக்குவழியாம்.

மேற்கே ஓட ஓட
இரவும் கூடவே ஓடிவருகிறது.
மூன்று முறை விழித்தாள், மூன்று முறையும் இருட்டு.
கழிவறைக் கண்ணாடியில்
ஒரு நரைமுடியைப் பிடித்து இழுத்தாள்,
பிறகு ஏனோ விட்டுவிட்டாள்.

தேதிக்கோட்டைத் தாண்டியபோது
ஒரு குலுக்கல்கூட இல்லை.
பக்கத்து இருக்கைக்காரரின் குறட்டை
தாளம் பிசகவில்லை.

குடியேற்ற மேசையில்
ஙஹுயா என்று பெயர் குத்திய பெண்
பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்,
விரல்விட்டு எண்ணினாள்.
"உங்கள் ஊரில் இப்போது மதியம் ஒரு மணி.
இன்னும் பதினான்குதானே?
வாழ்த்துகள்."

ஹிமேனா கைப்பேசியைத் திறந்தாள்.
பதினேழு குரல்செய்திகள்.
எல்லாம் ஒரே பாட்டு.
ஒன்றுகூடச் சுருதி சேரவில்லை.