தலையசைப்பு

தியன்தோ என்பது ஊர்.
சொல்லுக்குப் பொருள் தலையசைப்பு.
பேரம் பேசவே பிறந்த ஊருக்கு
வேறென்ன பெயர் வைப்பார்கள்.
எட்டு வருடமாக
இங்கே தலையசைக்காமல் இருப்பதற்குத்தான்
கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது.

லெய் ஷுன்பா மூட்டையை அவிழ்த்தார்.
வெள்ளி ஊசி. முதல் பறிப்பு.
பான்ஷி மலைச்சரிவில்
இலையாக விரியுமுன் கிள்ளிய மொட்டுகள்.
பூனைக்குட்டியின் காதில் இருக்குமே,
அந்த மயிர் ஒவ்வொன்றின் மேலும்.
கை நிறைய அள்ளினேன்; கனமே இல்லை.
முறித்தேன்; சட்டென்று ஒடிந்தது. நல்லது.

மூன்று கிராம், கொதிநீர், ஐந்து நிமிடம்.
அந்த ஐந்து நிமிடம் யாரும் பேசுவதில்லை.
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
நான் சுவரில்
உரக்கடை நாள்காட்டியைப் பார்த்தேன்.

மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்தேன்.
வெந்த இளஞ்சோளம்.
அதற்குப் பின்னால், வெயிலில் கிடந்த வைக்கோல்.
நீரின் நிறம்...
நிறம் என்றே சொல்ல முடியாது,
வெள்ளைக் கிண்ணம்
தன் வெள்ளையைச் சற்றே சந்தேகிப்பது போல.

உறிஞ்சினேன், சத்தமாக.
இந்தத் தொழிலில் அதுதான் மரியாதை.
நுனிநாக்கில் ஒன்றுமில்லை.
வெள்ளைத் தேநீர் வாசலில் நின்று கூப்பிடாது.
வேறெதையோ நினைக்கத் தொடங்கிய பிறகு
தொண்டையிலிருந்து மெல்ல ஏறி வரும்,
நெல்லிக்காய் தின்றவன் குடித்த தண்ணீர் மாதிரி.
வந்தது.
வந்து, பாதியில் நின்றது.

இடது கன்னத்தின் உட்பக்கம் புளிப்பு.
ஈரத்துணியை மடித்து வைத்த வாடை,
ஒரு நூலளவு.

"இரண்டாம் நாள் மழையா?"
"தூறல்."
"தட்டுகளை உள்ளே எடுக்க லேட்டாகிவிட்டது."
"இல்லையே."
மறுபடி உறிஞ்சித் துப்பினேன்.
"ஒரு மணி நேரம்."
காதைச் சொறிந்தார். சிரித்தார்.
"முக்கால் மணி.
மூணு ராத்திரியா கண் மூடலை.
மூங்கில் தட்டைப் பிடிச்சு
நின்னபடியே தலை ஆடிப்போச்சு."

அப்படியென்றால்
என் நாக்கில் இருப்பது இவருடைய தூக்கம்.
நாற்பது ஜின் மொட்டுக்குள்ளும்
சொட்டுச் சொட்டாய் இறங்கிய தூக்கம்.
வறுக்காத, உருட்டாத இலைக்கு
எதை மறைக்கத் தெரியும்?
வெயிலை வாங்குவது போலவே
அதையும் வாங்கி வைத்துக்கொண்டது.

"இந்த விலைக்கு முடியாது" என்றேன்.
"தெரியும்" என்றார்.
மூட்டையைக் கட்டவில்லை.

பக்கத்து மேசையில் விலை படிந்து
யாரோ தொகையைக் கத்திச் சொன்னார்கள்.
தராசுத் தட்டு டங்கென்றது.
வேலைக்குத் தேவையே இல்லாமல்
மூன்றாம் நீர் ஊற்றினேன்.
துப்பவில்லை.
புளிப்பு எங்கோ போயிருந்தது.
வெள்ளரிப் பிஞ்சின் குளிர்ச்சி,
அப்புறம்
பாதியில் நின்ற இனிப்பு
நடந்தே வந்து சேர்ந்தது.

நிமிர்ந்தால்,
மூட்டையின் மேல் கை வைத்தபடி
லெய் ஷுன்பாவின் தலை
கீழே போய் மேலே வந்தது.
சம்மதமா, தூக்கமா.

எழுப்பவில்லை.
அரை ஜின் நிறுத்து என் சொந்தப் பையில் போட்டேன்.
முதலில் கேட்டாரே, அந்த விலையையே
கிண்ணத்து மூடிக்கடியில் வைத்தேன்.
நோட்டின் ஓரம் நனைந்தது.